சாவி யாரிடம் இருக்கிறது? சின்ன ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். பேரூராட்சி. ஒரு பேருந்து நிலையம், ஒரு தெப்பக்குளம், ஒரு சினிமா தியேட்டர் (இன்னொன்றும் இருந்ததாம், அது இப்போது கல்யாண மண்டபம்). ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் நாளைக்கு அதே அலுவலகப் படியைத்தான் நான் மறுபடி ஏற வேண்டும். வந்த முதல் மாதம் எல்லோரையும் போல நானும் புலம்பிக்கொண்டிருந்தேன்: பிள்ளைகள் விளையாட இடமில்லை, சாயங்காலம் காலாற நடக்க இடமில்லை, நாலு பேர் உட்கார்ந்து பேச இடமில்லை, போனில் மேப்பைத் திறந்தால் கோயில், ஏடிஎம், மண்டபம், மறுபடி கோயில்.

இடமெல்லாம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பாதி இடத்துக்குப் பலகை கிடையாது, பலகை இருக்கிற இடம் பலகையில் எழுதிய நேரத்துக்குத் திறக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருப்பார், அவர் கையில் சாவி இருக்கும். இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் கேவலமானது. மகளின் காதணி விழாவுக்குச் சமுதாயக் கூடத்தைப் பிடித்திருந்தேன், பணமும் கட்டியாகிவிட்டது, ரசீதும் சட்டைப் பையில். விடிகாலை நாலரைக்குச் சமையல்காரர் அண்டா குண்டாவோடு வந்து இறங்கினால் கூடம் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருப்பவர் முந்தின நாளே திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார், சாவி அவர் இடுப்பில். வேப்பமரத்தடியில் அடுப்பை மூட்டி இட்லியை ஊற்றிவிட்டோம், நான் எல்லோருக்கும் போன் போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஆறரை மணி வாக்கில் எதிர் டீக்கடைக்காரர் வந்து "என்ன சார், கூடம் திறக்கலியா?" என்று கேட்டுவிட்டு, கல்லாவை இழுத்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது சாவி எப்போதுமே அங்கேதான் இருக்குமாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டின் பேரூராட்சி, சிறிய நகராட்சி எதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கிராம ஊராட்சி என்றால் ஆட்களின் பதவிப் பெயர் மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் வாரம்: வண்டியைத் தொடாதீர்கள்

காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, நடந்தே ஊரைச் சுற்றுங்கள். வண்டியில் போனால் கடைத்தெரு மட்டும்தான் கண்ணில் படும். காலையில் எந்தத் திசையில் ஆட்கள் கழுத்தில் துண்டோடும் மப்ளரோடும் போகிறார்களோ அந்தத் திசையில் நீங்களும் போங்கள், ஊரின் நடைபாதை அங்கேதான் இருக்கிறது. சில ஊரில் தெப்பக்குளத்தின் நாலு கரை, சில ஊரில் கண்மாய்க் கரை, பல ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளி கிரவுண்டு, ஒரு ஊரில் ரயில் நிலைய நடைமேடை (காற்று நன்றாக வரும், ஆனால் நடைமேடைச் சீட்டு இல்லாமல் நடந்தால் என்றாவது ஒரு நாள் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்).

யாரிடமாவது கேட்கும்போது "இந்த ஊரில் பொழுதுபோக்க என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒண்ணுமே இல்லை சார்" என்றுதான் பதில் வரும், எந்த ஊரானாலும். "காலையில் எங்கே நடக்கப் போவீங்க?", "சாயங்காலம் பசங்க எங்கே விளையாடுறாங்க?", "ஷட்டில் எங்கே ஆடுறாங்க?" என்று கேட்டால் கை நீட்டி வழி காட்டுவார்கள். கேட்பதற்குச் சரியான இடம் டீக்கடை. இரண்டாவது, சலூன். ரியல் எஸ்டேட் புரோக்கரிடம் கேட்டால் நல்ல மனை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவரும்.

நூலகம்: இது உங்கள் வீட்டு வரியில் நடக்கிறது

முதலில் உறுப்பினராக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி, புத்தகம் படிக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் சரி. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948 இல், அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், அதாவது அவரும் நம்மைப் போல ஒரு சின்ன ஊர் ஆள். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது, இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா கணக்கு. வாடகை வீட்டில் இருந்தாலும் அந்தக் காசு எப்படியோ உங்கள் வாடகையில் இருந்துதான் போகிறது, அப்புறம் ஏன் போகாமல் இருக்க வேண்டும்?

முதல் காரியம், நேரத்தைப் பாருங்கள். கிளை நூலகம் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று இரண்டு வேளையாகத்தான் திறக்கும், நடுவில் போனால் பூட்டுதான். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று நினைத்துப் பல மாதம் போகாமலே இருந்தவன் நான். ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்றால் நேரம் இன்னும் குறைவு. உறுப்பினர் படிவத்தோடு ஆதார் நகலைக் கொண்டுபோங்கள், பல இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவரின் கையெழுத்தும் கேட்பார்கள், வீட்டுக்காரர் போட்டுக் கொடுப்பார். காப்புத் தொகை சொற்பம்தான்.

நூலகரோடு பழகிக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் நீள மேசையில் நாளிதழ்கள் பிரிந்து கிடக்கும், வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார், அந்தப் பக்கம் வேண்டுமென்றால் பத்து மணி வரை காத்திருக்க வேண்டியதுதான். பின்னால் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்திருப்பார்கள். மின்விசிறி இருக்கிற மேசை அவர்களுடையது, அதில் கை வைக்காதீர்கள். (சில நகராட்சிகளில் இப்போது "அறிவுசார் மையம்" என்று தனியாகவே தேர்வுக்குப் படிக்கக் கட்டிடம் இருக்கிறது. அது நகராட்சியுடையது, நூலகத் துறையுடையது இல்லை, உறுப்பினர் அட்டையும் வேறு.)

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று. நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும். பெயருக்காவது இருக்கும். ஒரு தலைவர், ஐந்தாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முப்பது பேர் உட்காருகிற மாதிரி ஒரு பேச்சு, பிள்ளைகளுக்கு ஒரு கதை நேரம், கவிதைக் கூட்டம், சதுரங்கப் போட்டி, இப்படி ஏதாவது நடத்த ஆசைப்பட்டால் வாடகை இல்லாமல் நடத்த இதுதான் வழி. வாசகர் வட்டத் தலைவரைப் பாருங்கள், அவர் நூலகரிடம் சொல்வார், நாற்காலியும் அங்கேயே இருக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அந்த வாரத்தில் நிகழ்ச்சி தேடி அவர்களே அலைவார்கள், உங்களை இரு கை நீட்டி வரவேற்பார்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்துவிட்டால் உங்கள் பெயரும் பலகையில் ஏறும். எனக்குப் பெயர் பலகையில் ஏறியதைவிட, அதற்கப்புறம் நூலகர் பின்வாசல் சாவி எங்கே இருக்கும் என்று சொன்னதுதான் பெரிய விஷயம்.

கிரவுண்டு: காலியாக இருக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள்

மாலை நாலு மணிக்குப் பார்த்தால் பள்ளி மைதானம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அது காலி இல்லை. ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை வாலிபால் செட், அதற்குப் பக்கத்தில் கபடிக்காரர்கள், ஞாயிறு காலை கிரிக்கெட், அதிலும் ஆறிலிருந்து எட்டு வரை ஒரு டீம், எட்டுக்கு மேல் இன்னொரு டீம். எழுதி வைக்காத இந்த நேரப் பட்டியலை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், மீறினால் மட்டும் சொல்வார்கள்.

உள்ளே நுழைவதற்கு நான் பார்த்த சுலபமான வழி: மூன்று நாள் ஓரமாக நின்று பாருங்கள். எல்லையைத் தாண்டி வருகிற பந்தை எடுத்துப் போடுங்கள். நாலாவது நாள் ஆள் குறையும், "வர்றீங்களாண்ணே?" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டு ஒரு வாரத்துக்குள் பந்துக் காசைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். வலையும் கம்பமும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும், அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் ஊரில் இல்லாத அன்று ஆட்டம் கிடையாது. ஷட்டில் என்றால் இன்னும் சிக்கல். ராத்திரி விளக்குக்கு மின்சாரம் யாராவது ஒருவரின் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வரும், மாதாமாதம் கரண்டுக் காசைப் பங்கு போட வேண்டும், இதில் ஒழுங்காக இல்லாதவரை அடுத்த மாதம் செட்டில் சேர்க்க மாட்டார்கள்.

பள்ளி மைதானத்தில் முறையாக ஒரு போட்டி நடத்த வேண்டுமென்றால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுங்கள், தேதி, நேரம், எத்தனை பேர், யார் பொறுப்பு என்று எழுதி. பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். மார்ச், ஏப்ரலில் கேட்கவே கேட்காதீர்கள், பொதுத் தேர்வு நடக்கும் பள்ளியில் வெளியாட்களுக்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி வேண்டுமென்றால் ஊர் எந்த விளையாட்டுக்குப் பேர்போனது என்று பாருங்கள். கோவில்பட்டிக்கு நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டுப் பையனைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பினால் அது உங்கள் இஷ்டம், ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை இருக்கும், செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, இந்திய அணிக்கே ஆள் போயிருக்கிறது. மற்ற ஊர்களில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். கோடைப் பயிற்சி முகாம் மாவட்ட விளையாட்டரங்கில் நடக்கும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தவிர பொதுப் பிரிவு, அரசு ஊழியர் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பிரிவு எல்லாம் உண்டு, படிப்பு முடிந்துவிட்டது என்று ஒதுங்க வேண்டாம்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2024 இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 33 வகைப் பொருட்கள் கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். சில இடங்களில் பெட்டி பிரித்தே பார்க்காமல் அலுவலக அறையில் இருக்கலாம். கேட்க ஆள் இல்லாததுதான் காரணம், கேட்டால் கொடுப்பார்கள்.

பூங்கா

பூங்காவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. காலை ஐந்து முதல் எட்டு, மாலை நாலு முதல் எட்டு, இதுதான் பெரும்பாலும் நேரம். உள்ளே ஒரு எட்டு வடிவ நடைபாதை இருக்கும், அதன் நடுவில் நின்று பேசினால் எட்டுப் போடுகிறவர்களிடம் திட்டு வாங்குவீர்கள். ஊஞ்சல் உடைந்திருந்தால் போட்டோ எடுத்து வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள், அவர் பெயரும் போன் நம்பரும் உங்கள் போனில் கட்டாயம் இருக்க வேண்டும். பெண்கள் தனியாகப் போக நல்ல நேரம் எது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், எந்த மூலையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். என் மனைவி முதலில் தனியாகப் போய் இரண்டே நாளில் நின்றுவிட்டார், பிறகு தெருவில் நாலு பேர் சேர்ந்து ஆறு மணிக்குக் கிளம்புகிற கூட்டத்தில் ஒட்டிக்கொண்டார், இப்போது மழை பெய்தாலும் போகிறார்கள்.

மண்டபம், கூடம், ஹால்: பணம் போகிற இடம்

பிறந்தநாள், வளைகாப்பு, காதணி, சடங்கு, கிரகப்பிரவேசச் சாப்பாடு, ஏதாவது ஒன்று வந்தே தீரும். சின்ன ஊரில் இதற்கு உள்ள இடங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பேரூராட்சி அல்லது நகராட்சியின் சமுதாயக் கூடம், வாடகை குறைவு, வசதியும் குறைவு. கோயில் மண்டபம், அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடம் பதிய வேண்டும், சைவச் சாப்பாடு மட்டும். தனியார் கல்யாண மண்டபம். ஹோட்டல் மாடியில் இருக்கிற சின்ன ஹால், நூறு பேருக்குள் என்றால் உண்மையில் இதுதான் லாபம். அப்புறம் ஒவ்வொரு சாதிச் சங்கமும் வைத்திருக்கிற மண்டபங்கள். தெற்கு மாவட்டங்களில் உறவின்முறை மண்டபம் என்று பெயரிலேயே இருக்கும்.

இந்தக் கடைசி வகையைப் பற்றிப் புதிதாக வந்தவர்களிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். வெளியாட்களுக்கும் விடுகிற மண்டபங்கள் உண்டு, அவர்கள் உறுப்பினருக்கு ஒரு வாடகை, மற்றவர்களுக்கு ஒரு வாடகை என்று வைத்திருப்பார்கள். சில இடங்களில் "அன்றைக்கு வேற புக்கிங் இருக்கு" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள், நாட்காட்டியைத் திறந்தே பார்க்காமல். அதற்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் புரியும், அவருக்கும் தெரியும். சமுதாயக் கூடமும் பூங்காவும் நூலகமும் அப்படியில்லை, அது வரிப்பணம். அங்கே யாரையும் சாதி சொல்லி மறுக்க முடியாது, 1955 ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வசதி குறைவாக இருந்தாலும் நான் சமுதாயக் கூடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சமுதாயக் கூடத்தைப் பிடிப்பது எப்படி?

பேரூராட்சி அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் இருக்கும், எழுத்தர் ஒருவரிடம். நேரில் போய் உங்கள் தேதி காலியா என்று அந்தப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள், போனில் "காலிதான்" என்று சொன்னதை நம்பாதீர்கள். மனு, ஆதார் நகல், வாடகை, முன்வைப்புத் தொகை. பணம் கட்டியதும் ரசீதில் தேதியும் "முதல் நாள் மாலை எத்தனை மணியிலிருந்து மறுநாள் எத்தனை மணி வரை" என்பதும் எழுதியிருக்கிறதா பாருங்கள். மண்டப உலகத்தில் ஒரு நாள் என்றால் காலண்டர் நாள் இல்லை, முந்தின மாலையிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை. பிறகு, தயவுசெய்து, சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எங்கே, அவர் இல்லாவிட்டால் யார் என்று மூன்று கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். முந்தின நாள் மாலையே சாவியைக் கையில் வாங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டியது, மின் மீட்டரைப் போட்டோ எடுப்பது. கிளம்பும்போது இன்னொரு போட்டோ. யூனிட் கணக்கில் வருகிற சண்டை பாதி இதிலேயே தீர்ந்துவிடும். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள், தொட்டி நிறைந்திருப்பதாகச் சொல்வார்கள், மேலே ஏறிப் பார்த்தால் கால்வாசி இருக்கும், காலையில் நூறு பேர் கை கழுவினால் தீர்ந்துவிடும், டிராக்டர் தண்ணீருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் யார் செலவு? நாற்காலியை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுங்கள். எச்சில் இலையை எங்கே போடுவது என்று தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசி, அவருக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுத்துவிடுங்கள், அந்தக் காசு வாடகையில் சேராது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இலை, பிளாஸ்டிக் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே விசேஷம் நடத்திக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வாழை இலை போடுங்கள், அதற்குமேல் என்ன சொல்வது.

எப்போது கிடைக்கும்? தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் மறந்துவிடுங்கள், ஆறு மாதம் முன்னாலேயே போயிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபமெல்லாம் ஈயோட்டும், பிறந்தநாள், கூட்டம், பயிற்சி வகுப்பு இதற்கெல்லாம் அந்த மாதங்கள்தான் சரி, தனியார் மண்டபத்தில்கூட வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு, கண்மாய் ஓரத்து ஊர்களில் சமுதாயக் கூடம் திடீரென்று வெள்ள நிவாரண முகாமாகிவிடும், அப்போது உங்கள் ரசீதுக்கு மதிப்பில்லை, இருக்கவும் கூடாது. தேர்தல் அறிவித்துவிட்டால் அரசுக் கட்டிடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வரும், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் போய் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மைக் செட்

ஒலிபெருக்கி வைப்பதென்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மைக் செட்காரரே "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பார், இருந்தாலும் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் புகார் வந்தால் வருகிற காவலர் விசேஷ வீட்டுக்காரரைத்தான் கேட்பார். 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கிற இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் அமைதிப் பகுதி. கோயில் கொடையில், அதாவது ஊர்த் திருவிழாவில், இதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான், யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கோயில் கொடை ஊருடையது, நீங்கள் போன மாதம் வந்தவர்.

சங்கம், மன்றம், கிளப்

ஊரில் "மனமகிழ் மன்றம்" என்று ஒரு பலகையைப் பார்த்துவிட்டு, கேரம் போர்டு இருக்கும், குடும்பத்தோடு போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன். மதுவிலக்குச் சட்டத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் மது பரிமாறக் கிளப்புகளுக்கு ஒரு உரிமம் உண்டு, அந்த உரிமத்தோடு நடக்கிற இடங்களில் பலவற்றுக்கும் இந்தப் பெயர்தான். எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை, வாசலில் நிற்கிற வண்டிகளையும் நேரத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே மனம் மகிழ வேண்டுமென்றால் ஓய்வூதியர் சங்கக் கட்டிடத்துக்குப் போங்கள், அப்பாவை அழைத்துக்கொண்டு. ஊரில் ஒன்று இருந்தால் அங்கே நாளிதழ், ஒரு சதுரங்கப் பலகை, மாதம் ஒரு கூட்டம், எந்த மனுவுக்கு எந்த அலுவலகம் என்று மனப்பாடமாகச் சொல்கிற நாலு பேர் எல்லாம் இருப்பார்கள். எங்கள் அப்பா மதுரையை விட்டு வரமாட்டேன் என்று ஆறு மாதம் அடம்பிடித்தவர், இப்போது காலை பத்தரைக்கு அவரை வீட்டில் பார்க்க முடியாது.

நீங்களே ஒரு குழு ஆரம்பிக்கலாம், ஓட்டப் பயிற்சிக்கோ, பறை பழகவோ, சினிமா பார்த்துப் பேசவோ. முதல் வருடம் எதையும் பதிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குழு போதும், கணக்கு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆள் நிலைத்த பிறகு, வங்கிக் கணக்கும் ரசீதும் வேண்டுமென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இன்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்துவிட்டால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பாதிச் சங்கங்கள் இதைச் செய்யாமல்தான் செத்துப்போகின்றன.

இடமே இல்லையென்றால்: உங்கள் நகரின் பார்க் சைட்

புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு "நகர்" என்ற மனைப்பிரிவில்தான் வீடு பிடிக்கிறோம். கடைசியாகச் சொல்கிறேன் என்றாலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது, சாலை போக மிச்ச இடத்தில் பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அதாவது உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற அந்த மூலை மனை அனேகமாகப் பொது இடம்.

கண்டுபிடிப்பது எப்படி? வீட்டுக்காரரின் பத்திரக் கட்டில் மனைப்பிரிவு வரைபட நகல் இருக்கும், வாங்கிப் பாருங்கள், "பூங்கா" அல்லது "பொது உபயோகம்" என்று போட்டிருக்கும். இல்லையென்றால் பேரூராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்: இந்த மனைப்பிரிவில் பொது ஒதுக்கீட்டு இடம் எத்தனை சதுர மீட்டர், சர்வே எண் என்ன, தானப் பத்திர எண் என்ன என்று மூன்றே கேள்வி. நாலாவது கேள்வி கேட்டால் மூன்றுக்கும் பதில் வராது, என் அனுபவம் அப்படி.

பதில் கையில் வந்ததும் தெருக்காரர்கள் இருபது பேர் கையெழுத்தோடு பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு, நகராட்சி என்றால் ஆணையாளருக்கு, நகல் கவுன்சிலருக்கு. நகரவில்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது, மனு எண் போட்டுக் கொடுப்பார்கள், அந்த எண்ணைக் காட்டினால் உள்ளூர் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும். கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் எழுந்து சொல்லித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. பணம் இல்லை என்று சொன்னால் "நமக்கு நாமே" திட்டத்தைக் கேளுங்கள், செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும்.

எங்கள் நகரில் அந்த மூலை மனையை மீட்க ஒன்றரை வருடம் ஆனது. ஒருவர் அதில் மாட்டுக் கொட்டகை போட்டிருந்தார், அவரோடு சண்டை போடாமல் மாட்டை வேறு இடத்துக்கு மாற்ற ஆன நேரம்தான் அதில் பாதி. கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம், இரண்டு மழைக்கு மறுபடி முளைத்தது, மறுபடி பிடுங்கினோம். இப்போது கம்பி வேலி இருக்கிறது, நாலு வேம்பு, ஒரு வாலிபால் வலை, பேரூராட்சி போட்ட ஒரு விளக்கு, இரண்டு சிமெண்டுப் பெஞ்ச். கேட் போட்டால் பூட்டு வேண்டும், பூட்டு போட்டால் சாவி யாரிடம் என்று இரண்டு கூட்டம் நடந்தது, ஒரு கூட்டத்தில் சண்டையே வந்தது. கடைசியில் ஒரு சாவி தெருமுனை மளிகைக் கடையில், இன்னொன்று எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல். காலை ஐந்தரைக்கு முன்னால் மட்டும் காலிங்பெல்லை அடிக்காதீர்கள்.